பொன்னையனுக்கு ஒரு முட்டை ரொட்டி

பாறசாலைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனின் தீனி. யாராவது கையில் ரொட்டிப் பொதியோடு போவதைக் கண்டால் எதிரே வருகிறவர்கள் நின்று, "ஆருக்கு சொகமில்ல?" என்று விசாரிப்பார்கள். சுகிர்தபாயின் கையில் கண்டால் மட்டும் கேட்க மாட்டார்கள். அவள் கணவன் பொன்னையன் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள் என்பதும், காலையில் அவன் தின்பது முட்டை ரொட்டி என்பதும் ஊருக்கே தெரியும். அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

கல்யாணத்துக்கு முன் சுகிர்தபாய் மிஷன் பங்களா அடுக்களையில் வேலைக்கு நின்றவள். அங்கே துரைசானி அம்மாள்தான் அதைச் சொல்லிக் கொடுத்தாள். துரைசானி செய்தது நோஞ்சான் சமாச்சாரம். மெலிசாக இரண்டு துண்டு, நடுவில் ஒரு வெள்ளரிக்காய்ச் சீவல், அதற்கு சாண்ட்விச் என்று ஒரு பெயர் வேறு. பொன்னையனைப் போல மரத்தடி அறுக்கிறவனுக்கு அதைக் கொடுத்தால் எந்தப் பல்லிடுக்கில் போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பான். சுகிர்தபாய் அதைத் தன் வீட்டு ஆண்களின் வயிற்றுக்குத் தக்கபடி வளர்த்தெடுத்தாள். பெருவிரல் கனத்தில் ரொட்டி, தாராமுட்டை என்கிற வாத்துமுட்டை, உள்ளி, மிளகு, வற்றவைத்த இறைச்சி. துரைசானி கண்டிருந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டு ஆண்கள் என்றால் இரண்டு பேர். பொன்னையனும் அவன் தம்பி சுந்தரதாஸும். சுகிர்தபாய்க்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி வந்தபோது நிக்கர் போட்டுக்கொண்டு நின்ற சுந்தரதாஸைத்தான் அவள் பிள்ளையாக வளர்த்தாள். வளர்ந்து மீசை வைத்த பிறகும் அவன் அடுக்களையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, மைனி மைனி என்று அண்ணியின் கைப்பக்குவத்தை மெச்சிக்கொண்டே அண்ணன் இலையிலிருந்து ஒரு விள்ளல் திருடுவான். அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பான்.

ஐம்பத்துநான்காம் வருஷம், தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கொடி பிடித்தபோது, சுந்தரதாஸும் ஓர் ஊர்வலத்துக்குப் போனான். காலையில் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு போனவன். தலையில் லத்தி அடி வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து, கண்ணைத் திறக்காமலே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியும் நேரத்தில் பொன்னையன் எழுந்து சபைக்கு முன்னால் போய் நின்றான்.

"நம்ம நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டோட சேருற வரைக்கும் காலத்த எனக்கு உபவாசமாக்கும். உச்சை வரைக்கும் பச்சத்தண்ணியல்லாம ஒண்ணும் தொடமாட்டேன். இது ஆண்டவருக்கும் எனக்க தம்பிக்கும் நான் பண்ணுற பொருத்தனை."

சிலர் ஆமென் என்றார்கள். ஆமென் சொல்ல என்ன செலவு! வீட்டில் அடுப்பு மூட்டுகிறவளுக்கு அல்லவா தெரியும். அந்தச் சபைகளில் காலை உபவாசம் புதிதில்லை. மகளுக்கு வரன் அமைய, மகன் பரீட்சையில் ஜெயிக்க என்று யாராவது இருந்துகொண்டுதான் இருப்பார்கள். ஒரு வாரம் இருப்பார்கள், மிஞ்சினால் நாற்பது நாள். ஆனால் சபை நடுவில் நின்று பொருத்தனை என்று சொல்லிவிட்டால், சொன்னது நிறைவேறாமல் அதிலிருந்து இறங்க முடியாது. இறக்கிவிட யாருக்கும் அதிகாரமும் இல்லை. சுகிர்தபாய் போதகரிடம் போய் அழுது பார்த்தாள். அவர் நல்ல மனிதர். அவளோடு சேர்ந்து கண்ணீர் விட்டார், ஜெபம் பண்ணினார், காப்பி கொடுத்து அனுப்பினார்.

தடி அறுப்பு என்பது லேசான வேலை இல்லை. குழிக்கு மேலே தடியைக் கிடத்தி, மேலே ஒருவன் கீழே ஒருவனாக நின்று நாளெல்லாம் அறுப்புவாளை இழுக்க வேண்டும். மேலே நிற்பவன் பொன்னையன், குழிக்குள் நிற்பவன் அவன் கூட்டாளி சதாசிவன். விடிந்ததிலிருந்து உச்சிவரை வெறும் வயிற்றோடு இழுத்தால் எந்த உடம்பு தாங்கும்? ஒரு வருஷத்துக்குள் பொன்னையனின் கன்னம் ஒட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க ஆரம்பித்தான். ஒருநாள் சோறு கொண்டுபோன சுகிர்தபாய், குழிக்கரையில் ஓரிடத்தில் மட்டும் அறுப்புப்பொடி குவித்து மூடியிருப்பதைக் கண்டு காலால் விலக்கினாள். அடியில் இரத்தம் கிடந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குடலில் புண். காலையில் வயிறு காயக் கூடாது. இப்படியே போனால் இன்னொரு மழைக்காலம் தாங்காது. அதைக் கேட்டு வந்து பொன்னையனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"எல்லை பிரிக்கப்பட்ட கமிஷன் வந்து எல்லாம் கேட்டுட்டு போயிருக்கு பிள்ளே. இனி கொஞ்சநாளுதான். சேந்த அண்ணைக்கு நீ முட்டை ரொட்டி சுட்டுக் கொண்டா. நான் ரெண்டு ஆளுக்குள்ளத தின்னு காட்டுதேன்."

அந்தப் பேச்சு ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த பிடி. அன்றிலிருந்து சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஒரு ரொட்டி வாங்கிக் கலத்தில் போட்டு மூடி வைத்தாள். செய்தி வரும் நாளில் ரொட்டி இல்லாமல் போய்விடக் கூடாதே! செய்தி வராது. பழையது காய்ந்து போகும். அதைக் கட்டன்சாயாவில் முக்கித் தானே தின்றுவிட்டு, புதியதை வாங்கிக் கலத்தில் வைப்பாள். கமிஷன்காரர்களை அவள் வைத வசவுகளை எழுதினால் இந்தக் கதை வீட்டில் வைத்துப் படிக்கிற கதையாக இருக்காது.

கடைசியில் ஒருநாள் காலை, பொன்னையன் வேலைக்குப் போன பிறகு, களியக்காவிளைப் பக்கமிருந்து படபடவென்று சத்தம் கேட்டது. சுகிர்தபாய் கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். போன வருஷம் ஊர்வலங்கள் மேல் போலீஸ் சுட்ட பிறகு அந்த ஊர்ப் பெண்களுக்கு எந்த வெடியும் முதலில் துப்பாக்கியாகத்தான் கேட்கும். சத்தம் நிற்காமல் சரம் சரமாகப் போனபோதுதான் பட்டாசு என்று புரிந்தது. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவன் கையை உயர்த்தி, "கமிஷன் எழுதியாச்சு! தமிழ்நாடு கிட்டியாச்சு!" என்று கத்திக்கொண்டே போனான்.

சுகிர்தபாய் முற்றத்திலேயே முழங்கால் போட்டாள். நெய்யாற்றின்கரையும் உண்டா என்று கேட்கவேண்டும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? வெடி போடுகிற இடம் விளவங்கோடு தாலுகா, அவள் நிற்கிற இடம் நெய்யாற்றின்கரை தாலுகா என்பதெல்லாம் தாலுகாக் கச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. நடுவில் ஒரு வேலி கிடையாது. அங்கே பெண் எடுத்து இங்கே பெண் கொடுத்து, இங்கே செத்தால் அங்கிருந்து தேங்காயும் காய்கறியும் சுமந்து வருகிற ஆட்கள். அங்கே மழை பெய்தால் இங்கேயும் முற்றம் நனையும். அங்கே கிட்டினால் இங்கேயும் கிட்டியதுதான் என்று அவள் நம்பினாள்.

அடுப்பை மூட்டினாள். கலத்துக்குள் இரண்டு நாள் பழைய ரொட்டி இருந்தது. பொரிப்பதற்கு அதுதான் பதம். புதிய ரொட்டி எண்ணெயைக் குடித்துச் சவசவத்துவிடும். பெருவிரல் கனத்தில் நான்கு துண்டு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியில் மிச்சம் இருந்ததைச் சட்டியில் போட்டு, ஒரு கை தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் சேர்த்து, வெள்ளம் முழுவதும் வற்றிக் கறுக்கும்வரை கிளறினாள். உள்ளியைப் பொடியாக அரிந்தபோது கண் கலங்கியது. அது உள்ளியால் மட்டும் இல்லை என்பதை மறைக்க அங்கே யாரும் இல்லாததால், மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். தாராமுட்டையை உடைத்து ஊற்றி, பச்சைமிளகாயைப் பாதியாகக் குறைத்தாள். புண்ணுள்ள வயிறு அல்லவா. மிளகை நுணுக்கிப் போட்டு நுரைவர அடித்தாள்.

தோசைக்கல்லில் தேங்காயெண்ணெய் சூடானது. முட்டை கல்லில் விழுந்து பொங்கியதும் அதன் மேலேயே ரொட்டியை வைத்து அமுக்கினாள். இதுதான் அவள் வித்தை. முட்டையும் ரொட்டியும் தனித்தனியாக வெந்து பிறகு சந்திப்பதில்லை, சேர்ந்தே வேகும். திருப்பிப் போட்டு, இறைச்சியைப் பரப்பி, இன்னொரு துண்டால் மூடி, இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று பொன்னிறமாகும்வரை வாட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த அடுக்களையில் எழாத வாசனை எழுந்தது. இரண்டையும் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தக்கூட நிற்காமல் நடந்தாள்.

அறுப்புக்குழி காரக்கோணம் போகும் வழியில் ஒரு தோட்ட விளையில் இருந்தது. விளைக்குத் திரும்பும் இடைவழியில் சதாசிவன் எதிரே வந்தான். வெடிச்சத்தம் கேட்டு, செய்தி அறிந்துவர பொன்னையன் அவனை அனுப்பியிருந்தான். பேப்பரைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தான். அவள் முகத்தையும் இடுப்புப் பொதியையும் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மைனி, இது என்னது?"

"ஒனக்க அண்ணனுக்கு முட்டை ரொட்டி. சேந்தாச்சுல்லா! ஒனக்கும் உண்டு, வா."

சதாசிவன் கீழே பார்த்தான். "நமக்கு இல்ல மைனி."

"என்ன இல்ல?"

"தோவாளை உண்டு, அகஸ்தீஸ்வரம் உண்டு, கல்குளம், விளவங்கோடு எல்லாம் உண்டு. நெய்யாற்றின்கரை இல்ல. களியக்காவிளையோட முடிஞ்சு."

அவள் வழியோரத் திட்டில் உட்கார்ந்தாள். பொதியின் சூடு இடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தது. நாடு கிடைக்காத துக்கம் அவளுக்கு உடனே வரவில்லை. அது பிறகு, நிதானமாக, வருஷக்கணக்கில் வந்தது. அந்த நேரத்தில் டாக்டர் சொன்ன மழைக்காலம்தான் முன்னால் வந்து நின்றது. இனி எந்தக் கமிஷன் வரும்? இனி எந்த வெடி வெடிக்கும்? சேருகிற வரைக்கும் என்று சொன்னவன், சேராத நாட்டுக்காகப் பட்டினி கிடந்தே செத்துப்போவான். அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

ஒரு வழிதான் இருந்தது. சேர்ந்துவிட்டது என்று நம்பி ஒரு வாய் தின்றுவிட்டால் பொருத்தனை முடிந்துபோகும். முடிந்த பொருத்தனையை மறுபடி எடுத்துக் கட்ட அவனாலும் முடியாது.

"சதாசிவா, நான் ஒண்ணு கேட்டா தருவியா?"

"சொல்லுங்க மைனி."

"அவரு இத தின்னு முடியுற வரைக்கும் நீ வாயத் தெறக்கப்பிடாது."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளிறியது. "அது சதியாக்கும் மைனி. அண்ணன் என்னய கொன்னு போடும்."

"கொல்லட்டும். கொல்லதுக்கு ஆளு உயிரோட வேணும்லா?"

சதாசிவனும் குழிக்கரையில் அந்த இரத்தத்தைப் பார்த்தவன்தான். பேப்பரை மடித்து மடித்துச் சிறிதாக்கி, வேட்டி மடியில் திணித்துக்கொண்டான். இருவரும் விளைக்கு நடந்தார்கள்.

பொன்னையன் தடிமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, வழியையே பார்த்து நின்றான். மனைவி வருவதையும், அவள் இடுப்பில் பொதி இருப்பதையும் தூரத்திலேயே கண்டுவிட்டான். கையில் பிடித்திருந்த வாளை மெல்லக் கீழே கிடத்தினான்.

"கிட்டியாச்சா?" என்று கேட்டான்.

"கிட்டியாச்சு. சேந்தாச்சு. தின்னுங்க," என்றாள் சுகிர்தபாய். ஊரில் யாரும் அவள் வாயிலிருந்து ஒரு பொய்யைக் கேட்டதில்லை. அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவன் அயினிமரத் தடிமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு கை கழுவி, கண்ணை மூடி ஜெபம் பண்ணினான். "ஆண்டவரே, எனக்க தம்பிக்க ரத்தத்த வெறுதாவா போக விடல்லியே" என்று அவன் சொன்னபோது சதாசிவன் எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். சுகிர்தபாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்கு நாக்கு எழவில்லை.

பொன்னையன் கடித்தான். முட்டையும் மொறுமொறுப்பும் இறைச்சிச் சாறுமாக வாய் நிறைந்தது. கண்ணை மூடி மெல்ல மென்றான். ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதை எடுத்தான். தம்பி திருடுவானே என்று சொல்லி, அதில் ஒரு விள்ளலைக் கிள்ளி இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றான். இலையில் ஒட்டியிருந்த முட்டையைக்கூட விரலால் வழித்தான். அவன் தொண்டை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் உள்ளுக்குள் எண்ணெய் வார்த்த மாதிரி குளிர்ந்தாள். அந்தக் குளிர்ச்சிக்காகத் தன்னையே காறித் துப்பவும் தோன்றியது.

"எலே சதாசிவா, எங்கலே போனா? பேப்பர் வாங்குனியாலே? வாசி, கேப்போம்."

சதாசிவன் வந்தான். மடியில் கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "நான்... கண்ணு தெரியல்ல அண்ணே," என்றான்.

"இண்ணு காலத்த தடியில நூலு பிசகாம கோடு போட்ட கண்ணுல்லாலே! கொண்டா இஞ்ச."

பொன்னையன் பேப்பரைப் பிரித்துத் தொடையில் வைத்து நீவினான். விரலை ஒவ்வொரு தாலுகாவின் பெயரிலும் வைத்து வாசித்தான். வரியின் முடிவுக்குப் போன விரல் மறுபடி முதலுக்கு வந்தது. மூன்றாம் முறை வரவில்லை.

"நீ அறிஞ்சியா?" என்று மனைவியைப் பார்க்காமல் கேட்டான்.

"சுடும்போ அறியல்ல. வழியில வச்சு அறிஞ்சேன்."

"அறிஞ்சிட்டுத்தான் தந்தியா?"

"ஆமா."

அவன் எழுந்து குழிக்கரைக்குப் போய்க் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டான். குமட்டினான், இருமினான், உடம்பு குலுங்கியது. ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு வருஷம் காத்துக் கிடந்து கிடைத்ததை அந்த வயிறு விடுவதாக இல்லை. கடைசியில் நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு தடிமேல் ஏறினான்.

"எறங்குலே குழியில," என்று சதாசிவனிடம் சொன்னான். அன்று பொழுது சாயும்வரை அறுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவன் கைகால் கழுவிப் படுத்துக்கொண்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் விடிந்ததும் அடுப்பை மூட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் அடுக்களையில் நின்றாள். பொன்னையன் வந்தான். பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரொட்டி மிச்சம் உண்டா?"

அவள் கலத்தைத் திறந்து காட்டினாள்.

"பொருத்தனை முறிஞ்சு. இனி கெடந்தா அது உபவாசமில்ல, வெறும் பட்டினியாக்கும். சுடு."

சுட்டு, பாதியை இலையில் வைத்தாள். அவன் கண்ணை மூடவில்லை, கையைக் குவிக்கவில்லை. அப்படியே எடுத்துக் கடித்தான். அவள் எதிரே குந்தியிருந்து அவன் முகத்தையே பார்த்தாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"வயிறு எரியுதா?"

"இல்ல."

இன்னும் இரண்டு வாய் மென்றான். கண்ணிலிருந்து தாரையாக வடிந்து மீசையில் இறங்கியதை அவன் துடைக்கவில்லை.

"ருசியா இருக்கு சுகிர்தம்," என்றான். "அதாக்கும் எனக்கு தாங்கல்ல."

அவள் மற்றப் பாதியையும் இலையில் எடுத்து வைத்தாள். அவன் அதையும் தின்றான்.